நரகத்தின் சாவி யாரிடம்?

அந்தி நேரத்தில் புளிய மரத்தடியில் நிற்காதே. உச்சிப் பொழுதில் ஆற்றங்கரைக்குத் தனியே போகாதே. சுடுகாட்டு வாய்க்காலைத் தாண்டும்போது திரும்பிப் பார்க்காதே. காவிரிப் பாசனத்து ஊர்களில் பிறந்த எந்தக் குழந்தையும், அது எந்த மதத்துக் குழந்தையாயினும், இந்த எச்சரிக்கைகளைக் கேட்டே வளருகிறது. சம்பா நடவு முடிந்த இரவில், சேற்று நிலத்தின் மேல் தூரத்தில் ஒரு வெளிச்சம் தோன்றி மறைந்தால், கொள்ளிவாய்ப் பிசாசு என்று கதவைச் சாத்திய வீடுகளில் முஸ்லிம் வீடுகளும் உண்டு.

இந்த அச்சத்தோடு இன்னோர் எண்ணமும் நம் மனத்தில் ஒட்டிக்கொண்டு வந்துவிட்டது. நரகம் என்றால் அது ஷைத்தானின் ஊர். அங்கே அவன் அரசன். பேய்களும் பூதங்களும் அவனுடைய சேவகர்கள். செத்தவனைப் பிடித்து இழுத்துப்போய் வதைப்பது அவர்களுடைய வேலை. இப்படி ஒரு சித்திரம் சிறுவர் மனத்தில் மட்டுமல்ல, பெரியவர்கள் மனத்திலும் இருக்கிறது. இது எங்கிருந்து வந்தது? திருக்குர்ஆனிலிருந்தா? அல்லது அதற்கு மிகவும் முற்பட்ட மந்திர ஏடுகளிலிருந்தா?

இதைப் பண்டிதர்களுக்கு மட்டும் உரிய ஆராய்ச்சி என்று ஒதுக்கிவிடலாகாது. நாம் யாருக்கு அஞ்சுகிறோம் என்பதைப் பொறுத்தே நாம் எப்படி நடக்கிறோம் என்பது அமைகிறது. பேய்க்கு அஞ்சுகிறவன் தாயத்தைத் தேடுகிறான். அல்லாஹ்வுக்கு அஞ்சுகிறவன் தன் செயலைத் திருத்திக்கொள்ளுகிறான். இரண்டும் ஒரே அச்சமாகா.

புகார் நகரத்துப் பூதம்

தூரதேசத்துக்குப் போகுமுன் நம் பக்கத்து ஊரைப் பார்ப்போம். காவிரி கடலில் கலக்கும் இடத்தில், இன்றைய மயிலாடுதுறை மாவட்டத்தில் இருக்கும் பூம்புகார், ஒரு காலத்தில் சோழர் துறைமுகம். அந்நகரைப் பற்றிச் சிலப்பதிகாரத்தில் இந்திர விழாவைச் சொல்லும் காதையில், ஐந்து மன்றங்கள் பேசப்படுகின்றன. அவற்றுள் ஒன்று பூதச் சதுக்கம். நாற்சந்தியில் நிற்கும் அந்தப் பூதம், நான்கு காத தூரம் கேட்கும்படி முழங்குமாம். குற்றவாளிகளைப் பாசத்தால் கட்டி அடித்து உண்ணுமாம்.

யார் அந்தக் குற்றவாளிகள்? காப்பியம் ஆறு வகையினரை எண்ணுகிறது. தவக்கோலத்தில் மறைந்துகொண்டு தீய ஒழுக்கம் புரிவோர், மறைவில் நெறி தவறும் பெண்டிர், அரசனுக்குத் துரோகம் செய்யும் அமைச்சர், பிறர் மனைவியை விரும்புவோர், பொய்ச் சாட்சி சொல்லுவோர், புறங்கூறுவோர். பெரும்பாலும் ஊர்க் காவலனின் கைக்கு எட்டாத குற்றங்கள் இவை. கோலை ஓச்சும் அரசனுக்குத் தெரியாததைப் பூதம் தெரிந்துகொள்ளும் என்று அக்காலத்து மக்கள் நம்பினார்கள். மறைவில் செய்ததற்கும் கணக்கு உண்டு என்ற மனித மனத்தின் தாகமே அந்தப் பூதத்தைச் சந்தியில் நிறுத்தியது.

அடைக்கலக் காதையில் இந்தப் பூதத்தைப் பற்றி ஒரு நிகழ்ச்சி வருகிறது. ஏழை ஒருவன், பத்தினிப் பெண் ஒருத்தியின் மேல் அவளுடைய கணவனிடம் பொய்ச் சாட்சி சொல்லிவிட்டான். பூதம் அவனைக் கட்டிப் பிடித்தது. அவனைப் பெற்ற தாய் கதறினாள். அதைக் கண்ட கோவலன், அவனை விட்டுவிடு, என் உயிரை எடுத்துக்கொள் என்று பூதத்தின் முன் போய் நின்றான். பூதம் மறுத்துவிட்டது. தீயவனுக்குப் பதிலாக நல்லவனைக் கொண்டு நற்கதியை இழக்கும் முறை தன்னிடம் இல்லை என்று சொல்லிவிட்டது. பிறகு கோவலன் என்ன செய்தான்? மகனை இழந்த அந்தத் தாயையும் சுற்றத்தாரையும் பொருள் கொடுத்துப் பல ஆண்டுகள் காத்தான். இறந்தவனின் தண்டனையை வாங்கிக்கொள்ள அவனால் முடியவில்லை. இருப்பவர்களின் பசியைத் தீர்க்க முடிந்தது.

சுடுகாட்டில் மாண்ட சிறுவன்

அதே புகாரை வைத்து மணிமேகலைக் காப்பியம் இன்னொரு கதை சொல்கிறது. நகரத்துச் சுடுகாட்டின் பக்கமுள்ள சக்கரவாளக் கோட்டத்துக்குள் சார்ங்கலன் என்ற சிறுவன் தனியே போய்விட்டான். அங்கே பிணத்தின் தலையைக் கையிலேந்தி ஆடும் பேயைக் கண்டதாக அஞ்சி ஓடிவந்தான். பேய்க்கு உயிரைக் கொடுத்துவிட்டேன் என்று தாயிடம் சொல்லி விழுந்து இறந்தான். அவன் தாய் கோதமை. தந்தையோ கண் தெரியாதவர். தாய் மகனின் உடலைத் தழுவி எடுத்துக்கொண்டு கோட்டத்து வாயிலுக்கு வந்து, நகரத்துத் தெய்வமான சம்பாபதியிடம் முறையிட்டாள்.

அந்தத் தெய்வம் சொல்வதாகக் காப்பியம் தரும் பதில் வியப்புக்குரியது. பேய் பிசாசுகள் எவருடைய உயிரையும் பறிப்பதில்லை. உன் மகனின் பேதைமையைப் பற்றிக்கொண்டு வந்த ஊழே அவனைக் கொண்டுபோயிற்று என்கிறது. அப்படியானால் என் உயிரை எடுத்துக்கொண்டு அவனுக்கு உயிர் கொடு, கண்ணில்லாத தந்தையை அவன் காப்பாற்றட்டும் என்று தாய் மன்றாடுகிறாள். அதுவும் நடவாது. உயிருக்கு உயிர் மாற்றிக்கொள்ள முடியுமானால், மன்னர்களுக்காக உயிர் கொடுக்க ஆளில்லாமலா இந்தச் சுடுகாட்டில் இத்தனை அரசர்களின் சமாதிகள் இருக்கின்றன என்று தெய்வம் கேட்கிறது.

இந்தக் காப்பியங்களை இயற்றியவர்களின் சமயம் வேறு. ஊழ் பற்றிய அவர்களுடைய கொள்கை வேறு. நம்முடைய ஈமான் வேறு. ஆயினும் நம் மண்ணின் பழைய நூல்களே இரண்டு செய்திகளைச் சொல்லிவிட்டன என்பதை மறக்கக்கூடாது. சிறுவனைக் கொன்றது பேயன்று என்பது ஒன்று. ஒருவரின் கணக்கை இன்னொருவர் தீர்க்க முடியாது என்பது மற்றொன்று. அரபு நாட்டு அறிஞர் அல்ஜாஹிஸ், ஹிஜ்ரி மூன்றாம் நூற்றாண்டில் விலங்குகளைப் பற்றி எழுதிய பெருநூலில், பாலைவனத்து ஜின் கதைகளை ஆராய்ந்து ஏறக்குறைய இதையே சொன்னார். தனிமையில் நெடுநாள் இருப்பவனுக்குச் சிறியது பெரிதாகத் தோன்றும். இல்லாத ஓசை கேட்கும். பிறகு அதைக் கதையாக்கிப் பிள்ளைகளுக்குச் சொல்லுவான். பிள்ளைகள் அதிலேயே வளருவார்கள்.

பாபிலோன் கிண்ணமும் எகிப்தின் வண்டும்

புகாரின் பூதம் குற்றவாளியைத் தேடிற்று. ஆனால் உலகத்தின் பழைய மந்திர ஏடுகளில் வரும் பேய்கள் அப்படியல்ல. இராக் நாட்டு மண்ணில் கிடைத்த களிமண் ஓடுகளில், தீய ஆவிகளை விரட்டும் மந்திரங்கள் வரிசை வரிசையாக எழுதப்பட்டிருக்கின்றன. அந்த ஆவிகள் நல்லவன் கெட்டவன் பார்ப்பதில்லை. தாழிட்ட கதவுக்குள்ளும் நுழைந்து தாயின் மடியிலிருந்து குழந்தையைப் பறிக்கின்றன. அவற்றை விரட்ட ஒழுக்கம் உதவாது. சரியான மந்திரமும் சரியான பெயரும் மந்திரவாதியும் வேண்டும்.

அதே நாட்டில், பெருமானார் (ஸல்) அவர்கள் பிறந்த காலத்தையொட்டிய நூற்றாண்டுகளைச் சேர்ந்த மண் கிண்ணங்கள் நூற்றுக்கணக்கில் கிடைத்துள்ளன. நிப்பூர் என்ற இடத்தில் அமெரிக்க ஆய்வாளர்கள் 19-ஆம் நூற்றாண்டின் இறுதியில் தோண்டி எடுத்தவற்றை மாண்ட்கோமரி என்ற அறிஞர் 1913-இல் படித்து வெளியிட்டார். கிண்ணத்தின் உட்புறத்தில் சுருள் சுருளாக மந்திரம் எழுதி, வீட்டு நிலைப்படியின் கீழும் மூலைகளிலும் கவிழ்த்துப் புதைத்திருக்கிறார்கள். லிலித் என்ற பெண் பேய்க்குத் தலாக்குப் பத்திரம் எழுதி, வீட்டை விட்டுப் போ என்று கட்டளையிடும் கிண்ணங்கள்கூட உண்டு! யூதர், கிறிஸ்தவர், வேறு மதத்தார் என்று எல்லாரும் அவற்றை வாங்கியிருக்கிறார்கள். பயத்துக்கு மதம் ஏது?

நரகத்தைப் பற்றிய பழைய ஏடுகளோ இன்னும் கவனத்துக்குரியவை. பாபிலோனியக் கதையில் பாதாளத்துக்கு ஏழு வாயில்கள். ஒவ்வொரு வாயிலிலும் காவலன். எகிப்தில் சுமார் 3500 ஆண்டுகளுக்கு முன்பிருந்தே, இறந்தவர்களோடு ஒரு மந்திர ஏட்டைச் சுருட்டிப் புதைத்தார்கள். மறு உலகத்து வாயில் ஒவ்வொன்றிலும் கத்தியேந்திய காவலன் நிற்பான். அவன் பெயரைச் சொன்னால் வழி விடுவான். அந்தப் பெயர்கள் ஏட்டில் இருந்தன. முடிவில் ஒரு தராசு. ஒரு தட்டில் இறந்தவனின் இதயம், மறு தட்டில் நீதியின் இறகு.

இதுவரை நன்று. ஆனால் அந்த இதயம் தராசில் ஏறும்போது உண்மையைச் சொல்லிவிட்டால்? அதற்கும் மந்திரம் வைத்திருந்தார்கள். வண்டு வடிவத்தில் செதுக்கிய ஒரு கல்லைப் பிணத்தின் மார்பில் வைத்தார்கள். தன் சொந்த இதயமே தனக்கு எதிராகச் சாட்சி சொல்லாதிருக்கும்படி வேண்டும் மந்திரம் அதில் பொறிக்கப்பட்டிருந்தது. அன்பர்களே, இதைச் சற்று நிதானித்து எண்ணிப் பாருங்கள். நீதியின் தராசை ஏற்றுக்கொண்ட அதே மக்கள், அந்தத் தராசை ஏமாற்றவும் வழி தேடினார்கள்.

சுலைமான் நபியும் கறையானும்

மந்திரக்காரர்கள் தங்கள் சரக்குக்கு ஒரு பெரிய பெயரைத் தேடினார்கள். சுலைமான் நபி (அலை) அவர்களின் பெயர் அகப்பட்டது. அவர்களின் மோதிரத்தைக் கொண்டு பேய்களைக் கட்டி வேலை வாங்கியதாகவும், ஒவ்வொரு பேயும் தன் பெயரையும் தன்னை அடக்கும் மலக்கின் பெயரையும் ஒப்புவித்ததாகவும் ஒரு நூல் கிரேக்க மொழியில் பரவியது. இன்றும் கடைத்தெருவில் தொங்கும் அஸ்மா நூல்களில் சுலைமான் நபியின் முத்திரை என்ற பெயரில் நட்சத்திரப் படங்களைக் காணலாம்.

திருக்குர்ஆன் இந்தப் பொய்யை நேருக்கு நேர் மறுத்தது. சுலைமான் நிராகரிக்கவில்லை, மக்களுக்குச் சூனியத்தைக் கற்பித்த ஷைத்தான்களே நிராகரித்தார்கள் என்றும், அல்லாஹ்வின் நாட்டமின்றி அவர்களால் எவருக்கும் தீங்கு செய்ய முடியாது என்றும் அல்பகரா அத்தியாயம் கூறுகிறது (2:102). ஜின்கள் அவர்களுக்கு வேலை செய்தது உண்மை. அது அல்லாஹ் வசப்படுத்திக் கொடுத்தது. ஸபா அத்தியாயமோ (34:14) அந்த ஜின்களின் அறிவு எவ்வளவு என்பதைக் காட்டிவிடுகிறது. சுலைமான் நபி கைத்தடியில் சாய்ந்தவாறே வஃபாத் ஆகிவிட்டார்கள். ஜின்களுக்கு அது தெரியவில்லை. பூமியின் ஒரு சிறு பூச்சி, நம் வீட்டுத் தூணை அரிக்கும் அதே கறையான், தடியை அரித்து உடல் சாய்ந்த பிறகே தெரிந்தது. மறைவானதை அறிந்திருந்தால் அந்த இழிவான வேதனையில் தாங்கள் இருந்திருக்க மாட்டோம் என்பது அப்போதுதான் அவர்களுக்குப் புரிந்தது. கறையானுக்குத் தெரிந்ததும் தெரியாத ஜின், தொலைந்துபோன நகையையும் பெண்ணின் வயிற்றுக் கருவையும் சொல்லிவிடுமா?

நரகத்தைப் பற்றிய குர்ஆனின் கூற்று பழைய ஏடுகளின் அடித்தளத்தையே பெயர்த்துவிட்டது. நரகத்தின் காவலர்கள் பேய்களல்லர்; அல்லாஹ்வின் கட்டளைக்கு மாறு செய்யாத மலக்குகள் (66:6). ஷைத்தான் அங்கே அரசனல்லன், கைதி. இப்ராஹீம் அத்தியாயத்தில் (14:22) அவன் தன்னைப் பின்பற்றியவர்களிடம் பேசுவது வருகிறது. உங்கள் மேல் எனக்கு எந்த அதிகாரமும் இருக்கவில்லை, அழைத்தேன், வந்தீர்கள். என்னைப் பழிக்காதீர்கள், உங்களையே பழித்துக்கொள்ளுங்கள் என்று அவன் கைகழுவி விடுகிறான். ஷைத்தான் கெடுத்துவிட்டான் என்று நாம் சொல்லும் சாக்கை அவனே அன்று ஒத்துக்கொள்ளப் போவதில்லை.

எகிப்தியர் வாயடைக்க முயன்ற அந்தச் சாட்சியோ? யாஸீன் அத்தியாயம் (36:65) பதில் சொல்கிறது. அன்று வாய்களுக்கு முத்திரை, கைகள் பேசும், கால்கள் சாட்சி சொல்லும். கடுகளவு செயலும் தராசில் கொண்டுவரப்படும் (21:47). கோதமையைப் போல் ஒரு தாயும், கோவலனைப் போல் ஓர் உபகாரியும் குறுக்கே வந்து நிற்க முடியாது. தந்தை மகனுக்கோ மகன் தந்தைக்கோ உதவ இயலாத நாளை அஞ்சச் சொல்கிறது லுக்மான் அத்தியாயம் (31:33). ஷஃபாஅத் உண்டே என்பீர்கள். உண்டு. ஆனால் அது அவன் அனுமதி கொடுத்தவர்களுக்கு அவன் கொடுக்கும் கிருபை. காவலனுக்குத் தெரியாமல் கைமாறும் சாவி அல்ல.

ஒரு நியாயமான கேள்வி

இங்கே படித்த இளைஞர் ஒருவர் கேட்கக்கூடும்: பாபிலோனியர் பாதாளத்துக்கும் ஏழு வாயில், குர்ஆன் கூறும் நரகத்துக்கும் ஏழு வாயில் (15:44). எகிப்தில் தராசு, இங்கும் மீஸான். ஜஹன்னம் என்ற சொல்லே, பைத்துல் முகத்தஸ் நகரத்துக்குத் தெற்கிலுள்ள ஹின்னோம் பள்ளத்தாக்கின் பெயரோடு உறவுடையது என்கிறார்கள். அங்கே முற்காலத்தில் பிள்ளைகளை நெருப்பில் பலியிட்டார்கள். அப்படியானால் நரகமும் பழைய கதைதானே?

இந்தக் கேள்வியைக் கண்டு கோபிக்க வேண்டியதில்லை. எச்சரிக்கை செய்பவர் வராத சமுதாயம் எதுவும் இல்லை என்பது குர்ஆனின் கூற்று (35:24). எல்லாரிடமும் தூதர் வந்திருந்தால், எல்லாரிடமும் அந்த உண்மையின் உடைந்த துண்டுகள் கிடைப்பதில் என்ன வியப்பு? மேலும் ஒவ்வொரு தூதரும் தம் மக்களின் மொழியிலேயே அனுப்பப்பட்டார் (14:4). மக்கள் அறிந்த சொல்லைக் கொண்டுதானே மக்களுக்கு எடுத்துச் சொல்ல முடியும்? நாம் தமிழில் நரகம் என்கிறோம். அந்தச் சொல் எந்த நூலிலிருந்து வந்தது என்று பார்த்தா நம் நம்பிக்கை அமைகிறது?

சொல்லின் வேரைத் தோண்டுவதைவிட, சொல்லின் பொருள் என்ன ஆயிற்று என்று பார்ப்பதே அறிவு. பழைய ஏடுகளில் வாயில் என்பது பெயர் தெரிந்தால் திறக்கும் பூட்டு. குர்ஆனில் ஒவ்வொரு வாயிலுக்கும் உரிய பங்கினர் குறிக்கப்பட்டிருக்கிறார்கள். திறக்கும் மந்திரம் இல்லை. பழைய ஏடுகளில் தராசை ஏமாற்றலாம். குர்ஆனில் முடியாது. பிள்ளைகளை எரித்த பள்ளத்தாக்கில் அப்பாவி எரிந்தான். ஜஹன்னத்தில் எவனும் இன்னொருவன் குற்றத்துக்காக எரிவதில்லை. மந்திர ஏட்டின் நரகம் தந்திரத்தைக் கற்பிக்கிறது. வேதத்தின் நரகம் பொறுப்பைக் கற்பிக்கிறது.

நம் வீட்டு நிலைப்படியில்

இவ்வளவும் தெரிந்த சமுதாயத்தின் வீட்டு நிலைப்படியைத் தோண்டினால் என்ன கிடைக்கும்? செப்புத் தகடு, முடிச்சுப் போட்ட கயிறு, எலுமிச்சம் பழம். பாபிலோன் கிண்ணத்துக்கும் இதற்கும் என்ன வேற்றுமை? பிள்ளைக்குக் காய்ச்சல் என்றால் பால்கிதாபு பார்க்கிறோம். மருமகள் பேசாமல் உட்கார்ந்திருந்தால் யாரோ செய்வினை செய்துவிட்டார்கள் என்கிறோம். இதில் இரண்டு பாவங்கள் கூடுகின்றன. அல்லாஹ்வின் மேல் நம்பிக்கை குறைகிறது. அண்டை வீட்டார் மேல் சந்தேகம் வளர்கிறது. சாட்சியில்லாமல் ஒருத்தியைச் சூனியக்காரி என்று முடிவு கட்டுவது, பூதச் சதுக்கத்துப் பூதம் பிடித்த அந்தப் பொய்ச் சாட்சியின் குற்றமேயல்லவா? ஜின்னைக் கண்ணால் கண்டேன் என்று வாதிடுபவனின் சாட்சி செல்லாது, அவர் நபியாக இருந்தாலன்றி, என்று இமாம் ஷாஃபியீ (ரஹ்) அவர்கள் கூறியதாக அறிவிக்கப்படுகிறது. ஜின் இல்லை என்பது அதன் பொருளன்று. அவர்களை நாம் காண இயலாது என்று குர்ஆன் கூறியிருக்க (7:27), கண்டதாகச் சொல்லிப் பிழைப்பு நடத்துபவனை நம்பாதே என்பதே பொருள்.

இந்த அச்சம் எங்கே கொண்டுபோய் விடும் என்பதற்கு நம் மாநிலமே சாட்சி. 2001-ஆம் ஆண்டு ஆகஸ்ட் 6-ஆம் நாள் அதிகாலையில், இராமநாதபுரம் மாவட்டம் ஏர்வாடியில், மனநோயாளிகளை வைத்திருந்த தனியார் காப்பகக் கொட்டகை தீப்பற்றியது. உள்ளே இருந்தவர்கள் சங்கிலியால் கட்டப்பட்டிருந்தார்கள். ஓட முடியவில்லை. 28 பேர் மாண்டார்கள். பேய் பிடித்தவர்கள், சூனியம் வைக்கப்பட்டவர்கள் என்று நம்பிக் கொண்டுவந்து விடப்பட்டவர்களும் அங்கே இருந்தனர். ஷைத்தானைக் கட்டுவதாக நினைத்து மனிதனைக் கட்டினோம். மறுமையின் நெருப்புக்கு அஞ்ச வேண்டியவர்கள், இம்மையிலேயே பலவீனர்களுக்கு ஒரு நெருப்பை விட்டுவைத்தோம்.

பூனை ஒன்றைக் கட்டிப் போட்டு, உணவும் கொடாமல், தானே தேடித் தின்ன அவிழ்த்தும் விடாமல் சாகடித்த பெண், அதன் காரணமாக நரகம் புகுந்தாள் என்று நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் கூறியிருப்பது புகாரியில் பதிவாகியுள்ளது. பூனைக்கே இந்தக் கணக்கென்றால் மனிதனுக்கு? மருந்தில்லாமல் எந்த நோயையும் அல்லாஹ் இறக்கவில்லை என்று சொன்னவர்களும் அவர்களே. அந்த விபத்துக்குப் பின் சங்கிலியை நீக்க நீதிமன்றம் தலையிட்டது. 2017-ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம் நோயாளியைச் சங்கிலியிடுவதை எவ்வகையிலும் தடை செய்துவிட்டது. ஏர்வாடி தர்கா வளாகத்திலேயே மருந்தும் துஆவும் சேர்ந்திருக்கும்படி, ‘தவா - துவா’ என்ற பெயரில் அரசு மருத்துவ ஏற்பாடும் வந்தது. மருந்தும் பிரார்த்தனையும் பகையல்ல என்பது அந்தப் பெயரிலேயே இருக்கிறது.

அப்படியானால் ஷைத்தானுக்கு அஞ்சவே வேண்டாமா என்று தாய்மார்கள் கேட்கலாம். எச்சரிக்கையாக இருக்க வேண்டும்; நடுங்க வேண்டாம். அந்தி சாயும் நேரத்தில் பிள்ளைகளை வீட்டுக்குள் அழைத்துக்கொள்ளும்படி பெருமானார் (ஸல்) அவர்கள் சொன்னது உண்மை. அதே ஹதீஸில், அல்லாஹ்வின் பெயரைச் சொல்லிக் கதவை மூடுங்கள், மூடிய கதவை ஷைத்தான் திறப்பதில்லை என்றும் சொல்லியிருக்கிறார்கள். தகடு இல்லை, கயிறு இல்லை, கட்டணமும் இல்லை. ஒரு பிஸ்மியும் ஒரு தாழ்ப்பாளும் போதும். குல்அஊது இரண்டு சூராக்களையும் ஓதி உள்ளங்கையில் ஊதி உடலில் தடவிப் பிள்ளையை உறங்க வைத்தால் போதும்.

நம் வீட்டுத் தாழ்ப்பாளைக்கூடத் திறக்க மாட்டாதவனிடம் நரகத்தின் சாவி எப்படி இருக்கும்? அது அவனிடம் இல்லை. மந்திரவாதியிடமும் இல்லை. தீர்ப்பு நாளின் அதிபதியிடம் இருக்கிறது. அவனோ, தவ்பா செய்பவனுக்குக் கதவைச் சாத்தாதவன். இன்றிரவு பிள்ளைகளுக்குக் கதை சொல்லும் பெரியவர்கள், புளிய மரத்துப் பேயை விட்டுவிட்டு, நம் கையும் காலும் ஒரு நாள் பேசும் என்பதைச் சொல்லிக் கொடுங்கள். அந்த அச்சம் அவர்களைக் கோழைகளாக்காது; நேர்மையானவர்களாக்கும்.

வல்ல நாயன் நம் அனைவரையும் வீணான அச்சத்திலிருந்து காத்து, தன்னை மட்டுமே அஞ்சி வாழும் நற்பாக்கியத்தைத் தந்தருள்வானாக! ஆமீன்.